கொசுறாக வந்த நுரையீரல்

ஓய்வு பெற்ற ஒரு ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட்டு, "புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டால் அவன் என்ன எழுதுவான்? தான் கண்டுபிடித்த அபூர்வ நோய்களைப் பற்றித்தான் எழுதுவான். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஐந்து பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்த என் மனைவி, "இதுல ஒரு தப்புகூட பண்ணாத மனுசன் ஒருத்தர் வர்றாரே, அவரு யாரு? நம்ம வீட்ல இருக்கிறவரா?" என்று கேட்டார். ஐந்து பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இனி நீங்கள் படிக்கப்போவது நான் பண்ணிய தப்பு.

இடம் மலேசியாவில், பாலம் தாண்டினால் சிங்கப்பூர் என்கிற ஜொகூரில் ஓர் அரசாங்க மருத்துவமனை. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் புவனா என்னை உயிரோடு விடமாட்டார். புவனா எங்கள் மூத்த ரேடியோகிராபர், அதாவது நோயாளியைப் படுக்க வைத்து ஸ்கேன் எடுப்பவர். அந்தப் படங்களைப் பார்த்து இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அவர் என்னைவிட இருபது வயது இளையவர். குரல் மட்டும் என்னைவிட இருபது மடங்கு பெரியது.

முதலில் கொசுறு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சந்தையில் காய்கறி வாங்கினால் கடைக்காரர் கடைசியில் ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா போடுவார் அல்லவா, அதுதான். வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாலும் அப்படி ஒரு கொசுறு வரும். கல்லீரலின் உச்சியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் மேலிருந்தே படம் எடுக்கத் தொடங்குவோம். அதனால் முதல் சில படங்களில் நுரையீரலின் அடிப்பகுதியும் விழும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் வரும். வயிற்றைப் பார்க்கிற வெளிச்சத்தில் அது வெறும் கறுப்பாகத்தான் தெரியும். நுரையீரலைப் பார்க்க வேறு வெளிச்சம் வைக்க வேண்டும். அதற்குக் கீபோர்டில் ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது. கறிவேப்பிலையைக் கழுவாமல் குழம்பில் போடுகிறவனும் உண்டு, அந்தப் பொத்தானை அழுத்தாமல் ரிப்போர்ட் எழுதுகிறவனும் உண்டு. நான் இரண்டாவது ரகம்.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. எங்கள் துறையில் ரெடிமேட் ரிப்போர்ட் கொண்டுவந்தவன் நானே. ஒரு விசையைத் தட்டினால் முழு ரிப்போர்ட்டும் திரையில் வந்து நிற்கும். கல்லீரல் சரி, மண்ணீரல் சரி, சிறுநீரகங்கள் இரண்டும் சரி என்று வரிசையாக எல்லாம் நல்லபடியாக இருக்கும். எது சரியில்லையோ அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. கடைசி வரி, 'நுரையீரலின் அடிப்பகுதி தெளிவாக உள்ளது' என்று இருக்கும். நாங்கள் எழுதுவது ஆங்கிலத்தில், அதில் மூன்றே சொல். இந்த ரெடிமேட்டின் புண்ணியத்தில் எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர் வந்தது. கோலாலம்பூர் போகிற பஸ் தாமதமாகும், நம்ம டாக்டர் தாமதமாக மாட்டார் என்று வார்டுகளில் சொல்வார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கோவிட் வந்து, நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பத்து நாள் இருக்கும். ரோட்டில் ஆள் இல்லை, சிங்கப்பூர் பாலம் மூடிக் கிடந்தது, மருத்துவமனையில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் பிரித்து அனுப்பப்பட்டிருந்தார்கள். வருகிற நோயாளிகளை வாசலிலேயே ஒரு பாரத்தை, அதாவது படிவத்தை, வைத்துப் பிரித்துவிடுவோம். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, நீங்களோ வீட்டில் யாருமோ வெளிநாடு போய் வந்தீர்களா என்று கேள்விகள். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் தனி வழி, தனி அறை, எங்களுக்கெல்லாம் தலையிலிருந்து கால் வரை உறை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் வழக்கமான வழி, முகத்தில் ஒரு சாதாரண மாஸ்க். அவ்வளவுதான்.

அன்று காலை வழக்கமான வழியில் வந்தவர் சாந்தி டீச்சர். நகராண்மைக் கழக நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பவர். நாற்பத்தைந்து வயது, வாட்டசாட்டமான பெண். இரண்டு நாளாக வயிற்று வலி, வாந்தி, காய்ச்சல் என்று வாசலில் சொல்லாத அளவுக்கு லேசாக உடம்புச் சூடு. வயிற்றில் வலது பக்கம் கீழே தொட்டால் வலிக்கிறது. இருமல் இல்லை. வெளிநாடு இல்லை. குடல்வால் வீங்கியிருக்கும் என்று சர்ஜன் சந்தேகப்பட்டு எங்களிடம் அனுப்பியிருந்தார். புவனாவின் மகள் நீச்சல் பழகியது இந்த டீச்சரிடம்தான் என்பதால் ஸ்கேன் அறையில் குசலம் விசாரிப்பதிலேயே ஐந்து நிமிடம் போனது.

ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் படம் அசைந்துவிடும். இயந்திரத்துக்குள்ளேயே பதிவு செய்த மலாய்க் குரல் ஒன்று இருக்கிறது. 'தாரிக் நஃபாஸ், தாஹான்', அதாவது மூச்சை இழுங்கள், பிடியுங்கள் என்று இனிமையாகச் சொல்லி, முடிந்ததும் விடச் சொல்லும். புவனாவுக்கு அந்த அம்மாள் மேல் நம்பிக்கை கிடையாது. "அது ஆளப் பாத்தா சொல்லுது?" என்பார். தமிழ் நோயாளி வந்தால் அந்தக் குரலை அணைத்துவிட்டு, மைக்கைப் பிடித்துத் தானே சொல்வார்.

படங்கள் என் திரைக்கு வந்த அதே நேரத்தில் புவனா கதவில் தலையை நீட்டினார்.

"டாக்டர், சாரி லா. மேல கொஞ்சம் மங்கலா வந்திருக்கும். மூச்சப் பிடிங்க, பிடிங்கன்னு கத்துறேன், பிடிக்கவே மாட்டேங்கிறாங்க. வலி போல. திருப்பி எடுக்கவா?"

"கீழ நல்லா இருக்கா?"

"கீழ சூப்பர்."

"கீழதானே கேக்குறாங்க. விடும்மா."

இந்தக் 'கீழதானே கேக்குறாங்க' என்ற சொல்லை என் வாயாலேயே சொன்னேன். இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

அதற்குள் போன் அடித்தது. சர்ஜன் டாக்டர் பிரகாஷ். நல்ல பையன், வேகமானவன், எனக்குப் பிடித்தவன். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எழுத்து ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் போனிலேயே கேட்பார், நானும் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

"டாக்டர், குடல்வால் ஆமாவா இல்லையா? இன்னிக்கு ஒரே ஆபரேஷன் தியேட்டர்தான் ஓடுது. பன்னெண்டு மணிக்கு சிசேரியன் வருது. அதுக்குள்ள நான் முடிச்சாகணும்."

நான் நேராகக் கீழே போனேன். "கொஞ்சம் பருமனாத்தான் இருக்கு."

"அப்ப ஆமாதானே?"

"ஆமா மாதிரிதான்."

"தேங்க்ஸ் டாக்டர்."

நான் சொன்னதில் 'ஆமா' தியேட்டர் வரை போய்ச் சேர்ந்தது. 'மாதிரி' வழியிலேயே விழுந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, சடங்குக்காக மேலே ஒரு தடவை உருட்டினேன். நுரையீரலின் கறுப்பில் அங்கங்கே சாம்பல் தீற்றல் மாதிரி ஏதோ தெரிந்தது. அதான் மங்கல் என்று புவனா சொல்லிவிட்டாரே. விசையைத் தட்டினேன், குடல்வால் வரியை மட்டும் மாற்றினேன், கையெழுத்துப் போட்டேன். எக்ஸ்பிரஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மணி பதினொன்று. கேன்டீனிலிருந்து தப்பாவ், அதாவது பார்சல், வாங்கி வைத்திருந்த மீ கோரேங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் ஓய்வறையில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுத் தரையில் கோடு கிழித்திருந்தோம். நான் ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம், புவனா அந்தப் பக்கம். அவருக்குப் பேச ஆள் கிடைக்காத காலம் அது, கிடைத்தால் விடமாட்டார்.

"வயசு ஆவுதுலா டாக்டர் எல்லாருக்கும்" என்று தொடங்கினார். "சாந்தி டீச்சராலயே மூச்சுப் பிடிக்க முடியலன்னா நம்ம கதியெல்லாம் என்னா? என் மக கிளாஸ் முடியறப்ப பிள்ளைங்க எல்லாம் கேக்குங்க, டீச்சர் ஒரு தடவ முங்குங்கன்னு. இந்த முனையில முங்கினாங்கன்னா அந்த முனையிலதான் தலை தெரியும். ஒரு நாளு ஒரு சீன அம்மா பயந்து போயி கத்திடுச்சு, ஆள் உள்ளயே போயிட்டாங்கன்னு."

"இதெல்லாம் எப்ப? சின்ன வயசுலயா?"

"என்னா டாக்டர், மூணு வாரம்கூட ஆகல. குளத்த மூடறதுக்கு முந்தி."

மீயை வாய்க்குக் கொண்டுபோன முள்கரண்டி அப்படியே நின்றது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு குளத்தின் நீளம் முழுவதும் மூச்சைப் பிடித்தவருக்கு இன்று பத்து நொடி முடியவில்லை.

"புவனா, அவங்களால மூச்ச இழுக்க முடியலயா, இல்ல இழுத்தத பிடிக்க முடியலயா?"

"இழுத்தாங்க. பிடிக்கத்தான் முடியல. இருமல் வந்துருச்சு."

"இருமலா? பாரத்துல இருமல் இல்லன்னு போட்டிருக்கு."

"அது வாசல்ல கேட்டப்ப இல்ல போல. இங்க மூச்ச நல்லா இழுத்ததும் வந்துச்சு. இழுக்க இழுக்க வந்துச்சு. அதான் சாரின்னு சொன்னேனே."

நான் எழுந்து ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. திரைக்கு முன்னால் உட்கார்ந்து, காலையில் அழுத்தாத அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

கண்ணாடியில் வாயால் ஊதினால் ஆவி படியுமே, அது மாதிரி இரண்டு பக்க நுரையீரலிலும், ஓரத்தை ஒட்டி, திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. மூச்சு அசைந்ததால் வந்த மங்கல் என்றால் பக்கத்தில் இருக்கிற கல்லீரலின் விளிம்பும் மங்கியிருக்க வேண்டும். அது வெட்டி வைத்த மாதிரிக் கூர்மையாக இருந்தது. ஆகப் படத்தில் கோளாறு இல்லை. டீச்சரின் நுரையீரலில்தான் இருந்தது. அந்தச் சில வாரங்களாக உலகம் முழுவதும் எங்களைப் போன்றவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்த படங்கள் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தது. வைரஸ் நிமோனியா. கீழே போய்க் குடல்வாலை இன்னொரு முறை, இந்த முறை நிதானமாகப் பார்த்தேன். உள்ளே காற்று இருந்தது, அதனால் அடைப்பு இல்லை, சுற்றிலும் சுத்தமாக இருந்தது. கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். சிலர் பிறவியிலேயே பருமன், என்னைப் போல. வயிற்று வலிக்கும் அந்த வைரஸே காரணமாக இருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு அவருக்கு மயக்கம் கொடுத்து, தேவையே இல்லாத ஓர் அறுவையும் செய்யப்போகிறார்கள். மயக்க மருத்துவர் வெறும் மாஸ்க்கோடு அவர் வாய்க்கு நேரே குனிந்து தொண்டையில் குழாய் போடப்போகிறார். அந்த அறையில் ஆறு பேர். அடுத்து அதே அறைக்கு ஒரு கர்ப்பிணி வரப்போகிறார். இத்தனை பேருக்கும் கவலை வேண்டாம் என்று சொல்கிற காகிதத்தில் கீழே என் கையெழுத்து.

தியேட்டருக்குப் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. லிப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் இரண்டு மாடி ஏறினேன். மாஸ்க்குக்குள் மூச்சு வாங்கியது, வயிற்றுக்குள் பாதி மீ குலுங்கியது. அந்த நேரத்தில் யாராவது என்னை ஸ்கேனில் படுக்க வைத்திருந்தால் நானும் மூச்சைப் பிடித்திருக்க மாட்டேன்.

தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியில் பச்சைத் தொப்பியோடு சாந்தி டீச்சர் படுத்திருந்தார். உள்ளே தள்ளக் கை வைத்திருந்த தாதியைக் கையைக் காட்டி நிறுத்தினேன். சுவரோரமாகத் தள்ளி நின்றுகொண்டு பேசினேன்.

"டீச்சர், நான் ஸ்கேன் டாக்டர். உங்க வீட்டுக்காரர் எங்க வேல செய்றாரு?"

"சிங்கப்பூர்ல டாக்டர்." ஒரு மூச்சு. "கப்பல் பட்டறையில."

"இப்ப எங்க இருக்காரு?"

"வீட்லதான். பாலத்த மூடறதுக்கு மொத நாளே வந்துட்டாரு." இன்னொரு மூச்சு. "நல்லவேள."

"வாசல்ல உங்ககிட்ட கேட்டாங்களே, வீட்ல யாராவது வெளிநாடு போயிட்டு வந்தாங்களான்னு. இல்லன்னு சொல்லியிருக்கீங்க."

டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவ்வளவு வலியிலும் அவர் முகத்தில் என்மேல் ஓர் இரக்கம் தெரிந்தது.

"சிங்கப்பூரு வெளிநாடா டாக்டர்? அவரு வாரா வாரம் போயிட்டு வர்றாரு."

பிள்ளைகளே, நீங்கள் ஜொகூரில் பிறந்தவர்களாக இருந்தால் சிரிக்காதீர்கள். என் மைத்துனன் இருபது வருடமாக அந்தப் பக்கம் வேலை பார்க்கிறான். அவன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. லண்டன் வெளிநாடு, துபாய் வெளிநாடு. சிங்கப்பூர் 'வேலை'. அந்தப் பாரத்தை நிரப்பச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தாலும் நானும் இல்லை என்றுதான் போட்டிருப்பேன். கேள்வியை எழுதியவர் தலைநகரத்துக்காரர். பாலத்துக்கு இந்தப் பக்கம் குடியிருந்திருந்தால் வேறு மாதிரிக் கேட்டிருப்பார்.

சத்தம் கேட்டு டாக்டர் பிரகாஷ் வெளியே வந்தார். கையில் என் ரிப்போர்ட்.

"டாக்டர், பதினொன்னு இருவது. சிசேரியன் வந்துரும். என்னா பிரச்சன?"

"உள்ள கொண்டுபோகாதீங்க. ரெண்டு நுரையீரல்லயும் நிமோனியா. கோவிட்டாத்தான் இருக்கணும். வீட்டுக்காரர் சிங்கப்பூர்லேருந்து வந்திருக்காரு. குடல்வாலும் நான் சொன்ன அளவுக்கு இல்ல."

பிரகாஷ் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார். "கடைசி வரியப் படிக்கவா? நுரையீரலின் அடிப்பகுதி தெளிவாக உள்ளது. கீழ உங்க கையெழுத்து. அர மணி நேரத்துக்கு முன்னாடி."

இந்த இடத்தில் உங்களை நிறுத்திவைத்துப் பேச ஆசைப்படுகிறேன். அந்த நொடியில் எனக்கு நல்ல நல்ல பொய்கள் தோன்றின. கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். படம் மங்கலாக வந்தது, ரேடியோகிராபரே சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். இந்த இரண்டாவது பொய்யில் பாதி உண்மைகூட இருந்தது, அதனால்தான் அது ரொம்பக் கவர்ச்சியாக இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் பிரகாஷ் என்னோடு விவாதிப்பார். விவாதித்தால் நேரம் போகும். நேரம் போனால் டீச்சர் உள்ளே போய்விடுவார்.

"அது நான் பாத்து எழுதின வரி இல்ல பிரகாஷ். ரெடிமேட்டுல வந்துச்சு, பாக்காம கையெழுத்துப் போட்டேன். இப்ப பாத்துட்டு வர்றேன்."

"குடல்வாலும் தப்பு?"

"அதுவும் நான் அவசரத்துல சொன்னது."

"ஒரே காலையில ரெண்டா?"

"பசியாறி முடிக்கிறதுக்குள்ள."

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. "காத்திருந்து, குடல்வால் வெடிச்சிருச்சுன்னா?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. காலையில் ஒரு தடவை தவறாகச் சொன்னவன் இப்போது மட்டும் சரியாகச் சொல்கிறான் என்பதற்கு என்ன நிச்சயம்?

"வெடிச்சா என்னக் கூப்பிடுங்க. டீச்சர்கிட்ட நானே வந்து சொல்றேன், என்னாலதான்னு."

பிரகாஷ் கொஞ்ச நேரம் டீச்சரின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே திரும்பி, எல்லாரையும் வெளியே வந்து உடை மாற்றச் சொன்னார். டீச்சரைத் தனி அறைக்கு அனுப்பினார். மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து ஜொகூர் பாரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஆன்டிபயாட்டிக் ஏற்றிக்கொண்டு, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

முடிவு மறுநாள் சாயங்காலம்தான் வரும். அதுவரை நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? பயந்துபோயிருந்தேன். வார்டுக்கு நான் போன் பண்ணிய விதத்தில், மூன்றாவது தடவையே அங்கிருந்த தாதி என் குரலைக் கேட்டதும், "இன்னும் வெடிக்கல டாக்டர்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். வீட்டில் மாடி அறையில் தனியாகப் படுத்தேன், சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு, "அவங்களுக்கு வயித்து வலி, உங்களுக்கு என்னா?" என்று கேட்டார்.

மறுநாள் ஐந்து மணிக்கு முடிவு வந்தது. கோவிட். கணவருக்கும் எடுத்துப் பார்த்தார்கள், அவருக்கும் இருந்தது. அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. டீச்சரின் வயிற்று வலி அன்றே தணியத் தொடங்கி, எந்தக் கத்தியும் படாமல் போய்விட்டது. மூன்றாம் நாள் ஆக்சிஜன் இறங்கியது. ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாள் மோசமாக இருந்தார். தொண்டையில் குழாய் போடலாமா என்று பேசும் அளவுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தார். அந்த நுரையீரலோடு அறுவையும் நடந்திருந்தால் திரும்பி வந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி ஆகவில்லை. அதற்கு நன்றி என் கண்ணுக்கு இல்லை, புவனாவின் வாய்க்கு.

அந்த வாய்க்கு நான் செய்த கைம்மாறு பதினான்கு நாள் வீட்டுக் காவல். டீச்சர் முகத்தருகே நின்று குசலம் விசாரித்தவர் அல்லவா. பூட்டிய அறைக்கு வெளியே அவர் மகள் உட்கார்ந்து அழுத கதையைப் போனில் சொன்னார். "என்னை மன்னிச்சிரும்மா, ஒழுங்காக் கேட்டிருந்தா அவங்கள எறக்கிவிட நீ மறுபடி கிட்டப் போயிருக்க மாட்ட" என்றேன். "அந்த மீய அப்பறம் சாப்பிட்டீங்களா, இல்ல அப்படியே போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். இரண்டு சோதனையிலும் அவருக்கு எதுவும் இல்லை என்று வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் நடந்தன. வாசல் பாரத்தில் 'வெளிநாடு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பிரகாஷ் சிவப்புப் பேனாவால் 'சிங்கப்பூர் உட்பட' என்று மலாயில் எழுதி, அதையே நகலெடுத்துக் கொடுத்தார். நான் என் ரெடிமேட்டைத் திறந்து அந்தக் கடைசி வரியை அழித்தேன். அந்த இடத்தை வெற்றாக விட்டேன். நிரப்பாவிட்டால் கையெழுத்தை ஏற்காதபடி செய்து தரச் சொல்லிக் கம்ப்யூட்டர் பிரிவில் கெஞ்சினேன். ஒரு நாளைக்கு இத்தனை ரிப்போர்ட்டில் இத்தனை தடவை அதே மூன்று சொல்லைத் தட்டச்சு செய்யணுமா என்று என் சக டாக்டர்கள் புலம்பினார்கள். எக்ஸ்பிரஸ் என்ற பட்டமும் போய்விட்டது. நீங்கள் இப்போது அந்தக் கட்டத்தை நிரப்பும்போது, எந்தக் கிழவன் இதை வைத்தான் என்று திட்டுகிறீர்களே, அது நான்தான்.

இன்னொன்று சொல்லவா? யாராவது 'சாரி' என்று தொடங்கி உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால், பெரிய மனதோடு மன்னித்து அனுப்பிவிடாதீர்கள். சாரியை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்தைக் கேளுங்கள். படம் மங்கல் என்று புவனா சொன்னபோது, ஏன் மூச்சைப் பிடிக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். மன்னித்த கையோடு கதவைச் சாத்திவிட்டேன்.

நாலு மாதம் கழித்து சாந்தி டீச்சர் மறுபடி வந்தார். நுரையீரல் எந்த மட்டில் ஆறியிருக்கிறது என்று பார்க்க ஸ்கேன். இந்த முறை கேட்டதே நுரையீரலைத்தான், வயிறுதான் கொசுறு. ஆள் இளைத்திருந்தார். குளம் திறந்துவிட்டதாம், ஆனால் தண்ணீரில் இறங்கத் தைரியம் வரவில்லையாம். கரையில் நின்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். "முங்கச் சொல்லிக் கேக்குதுங்க டாக்டர். காது வலின்னு பொய் சொல்லிட்டு இருக்கேன்" என்றார்.

புவனா அவரைப் படுக்க வைத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார். இயந்திரத்தின் மலாய் அம்மாளை அணைத்தார், மைக்கைப் பிடித்தார்.

"டீச்சர், போன தடவ மாதிரி என்ன ஏமாத்தக் கூடாது."

"நீ விடச் சொல்ற வரைக்கும் விட மாட்டேன், போ."

"மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க."

நான் என் அறையில் காத்திருக்கவில்லை. புவனாவின் தோளுக்குப் பின்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். படங்கள் வந்தன. முதலில் அந்தப் பொத்தானை அழுத்தினேன். மேலிருந்து கீழே போனேன், கீழிருந்து மேலே வந்தேன். வலது பக்கம், இடது பக்கம், ஓரங்கள். கொசுறாக வந்த கல்லீரலையும் விடவில்லை. கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துணியால் துடைத்த மாதிரி இருந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினேன். 'நுரையீரலின் அடிப்பகுதி தெளிவாக உள்ளது.' அதே மூன்று சொல்தான். எத்தனையோ வருடமாக என் பெயரில் போய்க்கொண்டிருந்ததை அன்றுதான் நானே எழுதுகிற மாதிரி இருந்தது. புவனா திரும்பி அதைப் படித்துவிட்டு, மாஸ்க்கை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருவரும் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அலமாக்" என்று திடீரென்று மைக்கின் மேல் பாய்ந்தார் புவனா.

நிமிர்ந்து பார்த்தேன். விடச் சொல்ல இருவருமே மறந்துவிட்டோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கண்களை மூடி, நெஞ்சு நிமிர, சாந்தி டீச்சர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.